தீவிர சிகிச்சைப் பிரிவில் டயாலிசிஸ்: குடும்பத்தார் அறிய வேண்டியவை

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே காத்திருக்கும் குடும்பத்தாரிடம் நாங்கள் நாள்தோறும் பல செய்திகளைச் சொல்கிறோம். காய்ச்சல் சற்றே தணிந்திருக்கிறது என்கிறோம். இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறோம் என்கிறோம். செயற்கைச் சுவாசம் இன்னும் சில நாள்கள் தேவைப்படும் என்கிறோம். இவற்றையெல்லாம் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு கேட்பவர்கள், "சிறுநீரகம் வேலை செய்யவில்லை, டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கிறது" என்றதும் கலங்கிப்போகின்றனர். வென்டிலேட்டருக்குத் தயங்காமல் ஒப்புதல் தந்தவர்கள்கூட இந்தப் படிவத்தில் கையெழுத்திட ஒரு நாள் அவகாசம் கேட்கின்றனர். அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஒருமுறை தொடங்கிவிட்டால் ஆயுள் முழுவதும் செய்துகொண்டே இருக்க வேண்டுமாமே?"

இந்த அச்சத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. நம் தெருவிலோ உறவிலோ வாரம் இரண்டு, மூன்று முறை மருத்துவமனைக்குச் சென்று வரும் ஒருவரை நாம் எல்லாரும் அறிவோம். அவருடைய கையிலுள்ள தழும்பு, அளந்து குடிக்கும் தண்ணீர், சிகிச்சை முடிந்து திரும்பும் நாளின் சோர்வு ஆகியவற்றையே 'டயாலிசிஸ்' என்ற சொல் நம் நினைவுக்குக் கொண்டுவருகிறது. ஆனால் அவருடைய சிறுநீரகங்கள் சர்க்கரை நோயாலோ, உயர் இரத்த அழுத்தத்தாலோ, வேறு காரணங்களாலோ பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகத் தேய்ந்து வடுவாகிவிட்டவை. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவரின் சிறுநீரகங்களோ போன வாரம் வரை நன்றாக இயங்கியிருக்கக்கூடும். ஒரு பெரிய நோயின் தாக்குதலில் அவை சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ செயலிழந்திருக்கின்றன. இதையே திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்கிறோம். இரண்டு நோயாளிகளுக்கும் பயன்படும் கருவி ஏறத்தாழ ஒன்றே. நோய் வேறு, நோக்கமும் வேறு.

ஆயுள் முழுவதும் டயாலிசிஸ் தேவைப்படுமா என்பதை முடிவு செய்வது சிறுநீரகம் எவ்வளவு மீள்கிறது என்பதுதான். டயாலிசிஸ் தொடங்கியதாலேயே சிறுநீரகம் நிரந்தரமாகப் பழுதாவதில்லை. இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உண்மையிலேயே அவசியம் ஏற்பட்ட பிறகும் இந்த ஓர் அச்சத்தினால் சிகிச்சை தள்ளிப்போகுமானால், பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும் அபாயம் காத்திருக்கிறது.

முதலில் இது தற்காலிகச் சிகிச்சையாகவே பிறந்தது

செயற்கைச் சிறுநீரகத்தின் வரலாறே இதற்குச் சான்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், நெதர்லாந்தின் காம்பென் நகர மருத்துவமனையில் பணியாற்றிய வில்லெம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் டயாலிசிஸ் கருவி ஒன்றை உருவாக்கினார். இறைச்சியை அடைத்து விற்கப் பயன்படும் செலோஃபேன் குழாயை ஒரு மர உருளையின் மேல் சுற்றி, அதனுள் நோயாளியின் இரத்தத்தைச் செலுத்தி, உப்புக் கரைசல் நிறைந்த தொட்டியில் அவ்வுருளையைச் சுழலவிட்டார். 1943இல் சிகிச்சை அளிக்கத் தொடங்கினார்; தொடக்கத்தில் வந்தவர்களில் ஏறத்தாழ அனைவரும் இறந்துபோயினர். 1945 செப்டம்பரில், பித்தப்பை அழற்சியை அடுத்துச் சிறுநீரகம் செயலிழந்து, நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்பட்ட 67 வயதுப் பெண் ஒருவர் 11 மணி நேரச் சிகிச்சைக்குப் பின் கண் விழித்தார். அவருடைய சிறுநீரகங்கள் தாமாகவே மீண்டன. அதன் பின் அவர் சில ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார்; டயாலிசிஸ் மீண்டும் தேவைப்படவில்லை.

இந்தச் சிகிச்சையால் முதன்முதலில் உயிர் பிழைத்தவர், இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் நாங்கள் காணும் நோயாளிகளைப் போன்றவரே. நிரந்தரமாகச் சிறுநீரகம் இழந்தவர்களுக்கு இதைத் தொடர்ந்து செய்ய அப்போது வழியே இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் இரத்தக் குழாயைத் திறக்க வேண்டியிருந்தது. 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் கையிலேயே நிலையாகப் பொருத்தி வைக்கத்தக்க குழாயைக் கண்டறிந்த பிறகுதான் 'ஆயுள் முழுவதும் டயாலிசிஸ்' என்பதே சாத்தியமாயிற்று.

சிறுநீரகம் ஏன் திடீரென்று நின்றுவிடுகிறது?

கைப்பிடி அளவேயுள்ள இரண்டு சிறுநீரகங்களுக்கு, இதயம் இறைக்கும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல், சென்றுகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. அவை நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவுக்கு நீரை வடித்து, அதில் பெரும்பகுதியை மீண்டும் உடலுக்கே திருப்பித் தந்து, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இவ்வளவு வேலைக்கு ஏராளமான ஆக்ஸிஜன் வேண்டும். ஆகவே இரத்த அழுத்தம் விழுந்தால் முதலில் துன்பப்படும் உறுப்புகளில் ஒன்றாகச் சிறுநீரகம் அமைந்துவிடுகிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மிக அடிக்கடி நாங்கள் காணும் காரணம், உடல் முழுவதையும் தாக்கும் கடுமையான நோய்த்தொற்று. நுரையீரலிலோ, வயிற்றிலோ, சர்க்கரை நோயாளியின் காற்புண்ணிலோ தொடங்கும் தொற்று, இரத்த அழுத்தத்தைச் சரித்து, சிறுநீரகத்தின் நுண்குழல்களைப் பாதிக்கிறது. பெரிய இதய அறுவைச் சிகிச்சை, மிகுந்த இரத்தப்போக்கு, கணைய அழற்சி, மகப்பேற்றின்போது நேரும் சிக்கல்கள் ஆகியவையும் காரணமாகலாம். குடும்பத்தார் பலர் "அவருக்குச் சிறுநீரகக் கோளாறே இருந்ததில்லையே" என்று வியப்பதுண்டு. பல சமயங்களில் அவர்கள் சொல்வது சரி. நோய் வேறிடத்தில், அடி சிறுநீரகத்தில்.

நம் மண்ணுக்கே உரிய காரணங்களும் உண்டு. மழைக்காலத்தில் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வேலை செய்பவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சல் அவற்றுள் ஒன்று. இதில் சிறுநீர் தாராளமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம் என்பதால் வீட்டார் கவனம் அதன்மேல் செல்வதில்லை. கண்ணாடி விரியன் கடி மற்றொன்று. அதன் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் குலைத்துச் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. கடிபட்ட இடத்தைக் கீறியும் கட்டியும் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் சிறுநீரகத்தின் கணக்கில் எழுதப்படுகிறது. வாந்தி, வயிற்றுப்போக்கால் உடல் வற்றிய நிலையில் வலி மாத்திரைகளையும் சேர்த்து விழுங்குவது இன்னொன்று. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றைக் கடையில் கேட்டவுடன் வாங்க முடிகிறது என்பதற்காக அவற்றைத் தீங்கற்றவை என்று எண்ணிவிடக் கூடாது.

தசை நசுங்கும் விபத்துகளையும் இங்கே சொல்ல வேண்டும். 1941இல், இலண்டன் நகரின் மீது குண்டுகள் வீசப்பட்ட நாள்களில், இடிபாடுகளுக்கிடையே பல மணி நேரம் கால் சிக்கியிருந்தவர்கள் மீட்கப்பட்டபின் முதலில் தேறியதுபோலத் தோன்றி, சில நாள்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை எரிக் பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். நசுங்கிய தசையிலிருந்து வெளிப்படும் பொருள் சிறுநீரக நுண்குழல்களை அடைத்துச் சேதப்படுத்துகிறது. சாலை விபத்தில் தொடை நசுங்கியவருக்கு நாங்கள் சிறுநீரை அளந்துகொண்டே இருப்பது இதனால்தான்.

இது எவ்வளவு பரவலானது என்பதை அறிய ஓர் ஆய்வு உதவும். 33 நாடுகளைச் சேர்ந்த தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 1,800 நோயாளிகளைக் கவனித்து 2015இல் வெளியான அந்த ஆய்வின்படி, பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஏதேனும் ஓர் அளவில் சிறுநீரகப் பாதிப்பு இருந்தது. டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் 100க்கு 13 அல்லது 14 பேர். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் டயாலிசிஸ் இல்லாமலேயே கடந்து சென்றனர் என்பதும் இதற்குள் அடங்கும்.

'ஏன் உடனே செய்யவில்லை?', 'ஏன் செய்யத்தான் வேண்டும்?'

நோயாளியின் கட்டிலோரம் தொங்கும் சிறுநீர்ப் பையைச் செவிலியர் மணிக்கொருமுறை குனிந்து பார்ப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மணிக்கு 30 மில்லிலிட்டருக்குக் குறைவாகச் சிறுநீர் வந்து, அந்நிலை ஆறு மணி நேரம் நீடித்தால் அது ஓர் எச்சரிக்கை. மற்றோர் எச்சரிக்கை இரத்தத்திலுள்ள கிரியாட்டினின். இரண்டு நாள்களுக்குள் அது 0.3 மில்லிகிராம் ஏறினாலே பாதிப்பு தொடங்கிவிட்டதாகக் கொள்கிறோம். ஆனால் கிரியாட்டினின் சற்றுத் தாமதமாகச் செய்தி சொல்லும் தூதுவன். சிறுநீரகம் அடிபட்ட ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத்தான் அதன் அளவு முழுமையாக ஏறும். எனவே "நேற்று 1.8, இன்று 3.2" என்ற எண்ணைக் கண்டு, இன்றைக்கு ஏதோ தவறு நடந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை.

டயாலிசிஸுக்கு முன் செய்ய வேண்டியவை பல. நோய்த்தொற்றின் மூலத்தைக் கண்டு அகற்றுவதும், இரத்த அழுத்தத்தை நிமிர்த்துவதும், உடலில் நீர் குறைந்திருந்தால் நிரப்பி, மிகுந்திருந்தால் நிறுத்துவதும், சிறுநீரகத்துக்கு ஒவ்வாத மருந்துகளை மாற்றுவதும், அடைப்பு ஏதும் உள்ளதா என்று ஸ்கேனில் பார்ப்பதும் அவற்றுள் முதன்மையானவை. "சிறுநீர் வர ஓர் ஊசி போடக்கூடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஃப்ரூஸமைடு என்ற அந்த மருந்தை நாங்கள் பயன்படுத்துகிறோம். அது தேங்கிய நீரை வெளியேற்ற உதவலாம்; பழுதான சிறுநீரகத்தை அது குணப்படுத்துவதில்லை.

பிறகு காத்திருக்கிறோம். இந்தக் காத்திருப்புதான் குடும்பத்தாருக்கு மிகவும் புரியாத பகுதி. முற்காலத்தில், கிரியாட்டினின் ஏறத் தொடங்கியதும் டயாலிசிஸ் செய்துவிட்டால் நோயாளி பிழைக்கும் வாய்ப்புக் கூடும் என்று மருத்துவர்களில் ஒரு சாரார் நம்பினர். அந்த நம்பிக்கையைச் சோதிக்கப் பெரிய ஆய்வுகள் நடந்தன. பிரான்சில் 620 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2016இல் வெளியான ஆய்வில், உடனடியாகச் செய்தவர்களுக்கும் அவசியம் ஏற்படும்வரை காத்திருந்தவர்களுக்கும் உயிர் பிழைப்பதில் வேறுபாடு இல்லை. காத்திருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு டயாலிசிஸ் தேவைப்படவே இல்லை. 15 நாடுகளில் 3,000 பேருக்கு மேல் பங்கேற்று 2020இல் வெளியான ஆய்வும் இதையே உறுதிப்படுத்தியது. அதில் இன்னொரு செய்தியும் வெளிப்பட்டது: அவசரப்பட்டுத் தொடங்கியவர்களுள் உயிர் பிழைத்தோரில் 100க்கு 10 பேர் 90 நாள்களுக்குப் பிறகும் டயாலிசிஸைச் சார்ந்திருந்தனர், காத்திருந்தவர்களில் அந்த எண்ணிக்கை 6.

ஆகவே, தேவையின்றி முன்கூட்டியே தொடங்குவது நல்லதன்று. "ஒருமுறை தொடங்கினால்" என்ற பொதுமக்களின் பேச்சில் ஒரு துளி உண்மை இருக்குமானால் அது இவ்வளவுதான். அந்த ஆய்விலும் அவசரப்பட்டுத் தொடங்கிய பிரிவில் உயிர் பிழைத்த 100 பேரில் 90 பேர் அதிலிருந்து விடுபட்டிருந்தனர் என்பதைச் சேர்த்தே பார்க்க வேண்டும். (சிறுநீரகம் முன்பே மிக மோசமாகக் கெட்டிருந்தவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அத்தகையோர் மீளும் வாய்ப்பு இதைவிடக் குறைவு.)

அவசியம் ஏற்படும் தருணங்கள் தெளிவானவை. மருந்துகளுக்கு அடங்காமல் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பைக் குலைக்கத் தொடங்கும்போது. இரத்தத்தில் அமிலம் மிகுந்து அழுத்த மருந்துகளும் பலனளிக்காதபோது. நுரையீரலில் நீர் கோத்து ஆக்ஸிஜன் குறையும்போது. யூரியாவும் பிற கழிவுகளும் மூளையையும் இதய உறையையும் தாக்கும்போது. சில நச்சுகளை இரத்தத்திலிருந்து அகற்றவும் இது பயன்படும். இந்நிலைகளில் நாங்கள் இரவு இரண்டு மணிக்குக்கூட உங்களைத் தொலைபேசியில் அழைக்க நேரலாம். அப்போது விடியும்வரை ஒத்திவைப்பது ஆபத்தாகலாம்.

கருவி எப்படி இயங்குகிறது?

நீண்டகால நோயாளிகளுக்குக் கையில் செய்யப்படும் ஃபிஸ்டுலா இங்கே தேவையில்லை. அது முதிர்ந்து பயன்பாட்டுக்கு வரப் பல வாரங்கள் ஆகும். கழுத்திலோ தொடையிடுக்கிலோ உள்ள பெரிய சிரையில், மரத்துப்போகும் ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டு உதவியுடன் இரண்டு பாதைகள் கொண்ட ஒரு குழாயை நுழைக்கிறோம். ஒரு பாதையில் இரத்தம் வெளியே வரும். வடிகட்டியைக் கடந்து மற்றொன்றில் திரும்பும். எந்த நேரத்திலும் உடலுக்கு வெளியே இருக்கும் இரத்தம் ஒரு குவளை அளவே. "எல்லா இரத்தத்தையும் எடுத்துவிட்டு மாற்றுகிறார்களா?" என்ற ஐயம் பலருக்கு உண்டு, அப்படியில்லை, அவருடைய இரத்தமே அவருக்குத் திரும்புகிறது.

இரத்த அழுத்தம் நிலையாக உள்ளவருக்கு நான்கு மணி நேரத்தில் முடியும் வழக்கமான முறை போதும். அழுத்தம் தள்ளாடும் நோயாளிக்கு அதே வேலையை மெதுவாக எட்டு, பத்து மணி நேரம் நீட்டிச் செய்கிறோம். அல்லது இரவும் பகலும் இடைவிடாது இயங்கும் கருவியைப் பொருத்துகிறோம். இரண்டு லிட்டர் நீரை நான்கு மணி நேரத்தில் இழுத்தால் தாங்காத உடல், அதையே 20 மணி நேரத்தில் இழுத்தால் தாங்கும். இடைவிடாத முறைக்குச் செலவு மிகுதி. அதுதான் 'உயர்ந்த' சிகிச்சை, மற்றது ஏழைகளுக்கானது என்று யாரும் மனம் குமைய வேண்டியதில்லை. உயிர் காப்பதில் ஒன்றைவிட மற்றொன்று மேலானது என்று ஆய்வுகள் நிலைநாட்டவில்லை. நோயாளியின் அழுத்தமும் மூளையின் நிலையும்தான் தேர்வைத் தீர்மானிக்கின்றன. செலவு குறித்த கவலையை மறைக்காமல் முதல் நாளே கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், அதில் எவ்வெச் சிகிச்சைகள் அடங்கும் என்பதைக் காப்பீட்டு உதவி மேசையில் விசாரித்துக்கொள்வது நல்லது.

பக்க விளைவுகள் இல்லாத சிகிச்சை அன்று இது. அழுத்தம் விழலாம், உடல் குளிர்ந்து நடுங்கலாம், குழாய் நுழைத்த இடத்தில் இரத்தம் கசியலாம், பின்னர் தொற்றும் ஏற்படலாம், வடிகட்டிக்குள் இரத்தம் உறைந்து கருவியை மாற்ற நேரலாம். கருவியின் ஒலிப்பானைக் கேட்டுப் பதறாதீர்கள். அது பெரும்பாலும் குழாய் சற்று வளைந்ததையோ பையை மாற்றும் நேரம் வந்ததையோ அறிவிக்கும்.

இங்கே ஒரு வேண்டுகோள். உடல் சூட்டைத் தணிக்கும், சிறுநீரைப் பெருக்கும் என்ற நல்லெண்ணத்தில் இளநீரையும் வாழைத்தண்டுச் சாற்றையும் மூலிகைக் கஷாயங்களையும் மூக்குக் குழாய் வழியே கொடுக்க அனுமதி கேட்போர் பலர். கேளாமலே கொடுக்க முயல்வோரும் உண்டு. நலமாக உள்ளவருக்கு நல்லதான இளநீர், பொட்டாசியம் நிறைந்தது. சிறுநீரகம் நின்றுபோனவருக்கு அந்தப் பொட்டாசியம் வெளியேற வழியில்லை. உணவைப் பொறுத்தவரை இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது: சிறுநீரக நோயென்றால் புரதமே கூடாது என்று நினைத்து, நோயாளி உண்ணத் தொடங்கியபின் பருப்பையும் முட்டையையும் விலக்கிவிடுகின்றனர். கடும் நோயில் தசை கரைகிறது. டயாலிசிஸிலும் புரதச் சத்து ஓரளவு வெளியேறுகிறது. அவருக்குத் தேவை கூடுதல் புரதமே. அளவை உணவியல் நிபுணர் சொல்வார்.

"என் சிறுநீரகத்தைத் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மனைவியோ, அம்மாவோ, அண்ணனோ எங்களிடம் வந்து நிற்பதும் உண்டு. அந்த அன்புக்கு நாங்கள் தலைவணங்குகிறோம். ஆனால் கடுமையான தொற்றோடு போராடும் உடலில் உறுப்பு மாற்று அறுவை செய்ய இயலாது; மீளக்கூடிய சிறுநீரகத்துக்கு அது தேவையும் இல்லை.

சொல்லக் கடினமான பகுதி

நம்பிக்கையளிக்கும் செய்திகளை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் நாங்கள் உங்களுக்கு நேர்மையாக நடந்தவர்களாக மாட்டோம். மேலே குறிப்பிட்ட 2020ஆம் ஆண்டின் ஆய்வில், 100க்கு 44 நோயாளிகள் 90 நாள்களுக்குள் இறந்தனர். எப்போது தொடங்கினாலும் இந்த எண்ணிக்கை மாறவில்லை. சிறுநீரகம் நின்றுபோகுமளவுக்கு ஒருவரின் நோய் முற்றியிருக்கிறது என்பதே அது சொல்லும் செய்தி. டயாலிசிஸ் கழிவை அகற்றும், நீரை அகற்றும். நோய்த்தொற்றையோ, செயலிழந்த கல்லீரலையோ, அடிபட்ட மூளையையோ அது குணப்படுத்தாது. நோயாளி இறந்துவிட்டால் "டயாலிசிஸ் போட்டதால்தான் போய்விட்டார்" என்று ஊரில் பேசுவார்கள். ஒப்புதல் தந்தவரின் நெஞ்சில் அந்தப் பேச்சு ஆண்டுக்கணக்கில் தைத்துக்கொண்டிருப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். அவ்வாறு தந்தவர் குற்றம் எதுவும் செய்தவரல்லர்.

சில நோயாளிகளுக்கு, குறிப்பாக மிக முதிய வயதில், பல உறுப்புகள் ஒருசேரத் தளர்ந்த நிலையில், டயாலிசிஸ் வேதனையை நீட்டிப்பதாக மட்டுமே முடியலாம். அத்தகைய நிலையில் நாங்கள் பெரும்பாலும் முன்வைப்பது காலவரையறையுள்ள முயற்சி. மூன்று நாளோ ஐந்து நாளோ செய்து பார்ப்போம். அதற்குள் இரத்த அழுத்த மருந்து குறைகிறதா, நினைவு திரும்புகிறதா என்று பார்ப்போம். இல்லையெனில் மீண்டும் அமர்ந்து பேசுவோம். இந்த உரையாடலில் உங்களிடம் நாங்கள் கேட்பது உங்கள் விருப்பத்தை அன்று. பேசும் நிலையில் இருந்திருந்தால் அவர் எதை விரும்பியிருப்பார் என்பதையே. அதை அறிந்தவர் வீட்டில் யாரோ ஒருவர் இருப்பார். பல சமயங்களில் அவர், படிவத்தில் கையெழுத்திடும் மூத்த மகனாக இருப்பதில்லை.

நீங்களும் எங்களிடம் கேட்கலாம். நோய்க்கு முன் அவருடைய கிரியாட்டினின் எவ்வளவு இருந்தது, சிறுநீரகம் நின்றதற்குக் காரணம் என்ன, அந்தக் காரணம் இப்போது கட்டுக்குள் வந்துவிட்டதா, எதைப் பார்த்து டயாலிசிஸை நிறுத்துவீர்கள் என்ற கேள்விகளுக்கு நாங்கள் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள். முதல் கேள்விக்குரிய விடை பெரும்பாலும் உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கும். ஆறு மாதமோ ஓராண்டோ முன்பு எடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒன்று இருந்தால் கொண்டுவாருங்கள். சிறுநீரகம் மீளும் வாய்ப்பை மதிப்பிட அது பேருதவியாகும்.

சிறுநீர் திரும்பும் நாள்

மீட்சி பெரும்பாலும் சிறுநீர்ப் பையில்தான் முதலில் தெரியும். ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள், சிலருக்கு அதற்கும் பிறகு, 50, 100 மில்லிலிட்டராக இருந்தது 300, 400 என்று ஏறும். குடும்பத்தாரைவிட அதிகமாகச் செவிலியர் மகிழும் நாள் அது. ஆனால் சிறுநீர் வந்த மறுநாளே கிரியாட்டினின் இறங்கிவிடாது. நீர் முதலில் வரும், கழிவை வடிக்கும் திறன் பின்னால் வரும். சில நாள்கள் டயாலிசிஸை நிறுத்திப் பார்ப்போம், மறுபடியும் ஒருமுறை செய்ய நேரலாம். அதைப் பின்னடைவு என்று எண்ணாதீர்கள். சிலருக்குச் சிறுநீர் அளவுக்கு மீறிப் பெருகி உடல் வற்றிவிடுவதும் உண்டு. அப்போது நீரையும் உப்புகளையும் நாங்கள் திருப்பித் தர வேண்டியிருக்கும்.

சாதாரண வார்டுக்கு மாறிய பிறகும், வீடு திரும்பிய பிறகும்கூட, சிலருக்கு வாரத்தில் ஓரிரு முறை டயாலிசிஸ் தொடரலாம். அவர்களில் பலருக்கு மூன்று மாதங்களுக்குள் அது நின்றுவிடும். ஆதலால் அத்தகையோருக்கு ஒவ்வொரு வாரமும் இரத்தத்தையும், ஒரு நாள் முழுவதும் சேகரித்த சிறுநீரின் அளவையும் பார்ப்பது அவசியம். மீண்டுவிட்ட சிறுநீரகத்துக்கு வழக்கத்தின் காரணமாக டயாலிசிஸைத் தொடர்வதும் தவறே. 90 நாள்களைக் கடந்தும் தேவைப்பட்டால்தான் நிரந்தரச் சிறுநீரக நோயாகக் கருதி, ஃபிஸ்டுலா, உறுப்பு மாற்று முதலியவற்றைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம்.

முழுமையாகத் தேறியவர்களும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஒருமுறை அடிபட்ட சிறுநீரகம், வெளிப்பார்வைக்கு எண்கள் சரியாக இருந்தாலும், பிற்காலத்தில் தளர்ச்சியடையும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். வீடு திரும்பி மூன்றாம் மாதத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், இரத்த அழுத்தம் ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வலி மாத்திரை வாங்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். பேதியோ வாந்தியோ கண்டு உணவு இறங்காத நாளில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உட்கொள்ளும் மாத்திரைகளில் எவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேறு எந்த மருத்துவரிடம் சென்றாலும், பல் பிடுங்கச் சென்றாலும்கூட, "எனக்கு ஒருமுறை சிறுநீரகம் நின்று டயாலிசிஸ் செய்தார்கள்" என்று சொல்லுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சுருக்கக் குறிப்பில் மூன்றாம் மாதப் பரிசோதனைக்கான தேதி எழுதப்பட்டிருக்கும். எழுதப்படாமல் இருந்தால், மருந்துகளை வாங்கக் கிளம்பும் முன் வார்டுச் செவிலியரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.